செயற்கைக்கோளுக்கு ஓட்டு வீடு தெரியும், ஒத்தி வீடு தெரியாது

கேள்வி இதுதான்: "செயற்கைக்கோள் படத்தை வைத்து வறுமை வரைபடம் போட்ட பல்கலைக்கழக ஆய்வுகளைப் பற்றிப் படிக்கிறோம். அவற்றின் பின்னால் யார் யார் இருக்கிறார்கள்? மதுரைக் கல்லூரி ஒன்றில், பொருளியல் துறையில் நாங்கள் நாலு பேர். ஒருவருக்கு நிரல் எழுதத் தெரியும். மதுரை மாவட்டத்துக்கு இதைச் செய்ய முடியுமா? எத்தனை ஆள் வேண்டும்?"

செய்யலாம். ஆனால் நாலு பேர் பத்தாது. நிரல் எழுத இன்னொருவரைத் தேட வேண்டாம். உங்களிடம் இல்லாதது வாசலில் நின்று கேள்வி கேட்கும் ஆள்.

அதிகம் பேசப்படும் ஆய்வு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடையது. 2016 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆசிரியர்கள் ஆறு பேர்: நீல் ஜீன், மார்ஷல் பர்க், மைக்கேல் ஷீ, மேத்யூ டேவிஸ், டேவிட் லோபெல், ஸ்டெஃபானோ எர்மோன். எர்மோன் கணினியியல் பேராசிரியர். பர்க் பொருளாதாரம் படித்துவிட்டுப் புவி அமைப்புத் துறைக்கு வந்தவர். லோபெல் பயிரும் உணவுப் பாதுகாப்பும் ஆராய்பவர். ஜீனும் ஷீயும் அப்போது மாணவர்கள். கணினிக்காரர், பொருளியல்காரர், நிலத்தைப் படிப்பவர் என்ற இந்தக் கலவை தற்செயல் இல்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்க அது தேவைப்பட்டது.

அவர்கள் செய்தது சுருக்கமாக இது. நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய ஐந்து நாடுகளை எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகக் கேட்ட கணக்கெடுப்பு ஒரு நாட்டுக்குச் சில நூறு இடங்களில்தான் இருந்தது. கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க அது போதாது. அதனால், பகல் படத்தைப் பார்த்து அந்த இடத்தின் இரவு வெளிச்சம் எவ்வளவு என்று சொல்ல முதலில் பழக்கினார்கள். இரவு வெளிச்சத் தரவு உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. அப்படிப் பழகும்போதே சாலை, கூரை, வயல், நீர்நிலை இவற்றைப் பிரித்துப் பார்க்க நிரல் கற்றுக்கொண்டது. அந்த அறிவை வைத்துக்கொண்டு, கணக்கெடுப்பில் கிடைத்த குடும்பச் செலவோடும் சொத்தோடும் பொருத்தினார்கள். செலவில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டில் நாட்டைப் பொறுத்து 37 முதல் 55 விழுக்காடு வரையிலும், சொத்தில் 55 முதல் 75 விழுக்காடு வரையிலும் விளக்க முடிந்தது.

இதில் வாசகர் கவனிக்காமல் விடுகிற ஆட்கள் உண்டு. அந்தச் செலவுக் கணக்கு உலக வங்கி ஆதரவோடு நடந்த குடும்ப வாழ்க்கைத்தரக் கணக்கெடுப்பிலிருந்தும், சொத்துக் கணக்கு மக்கள்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பிலிருந்தும் வந்தவை. மலாவியிலும் உகாண்டாவிலும் புழுதியில் நடந்து, "போன வாரம் எவ்வளவு மக்காச்சோளம் வாங்கினீர்கள்" என்று கேட்டவர்கள் யார் பெயரும் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கிடையாது. கணினிக்கு விடைத்தாள் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். விடைத்தாள் தப்பென்றால் தப்பைத்தான் அது அழகாகக் கற்றுக்கொள்ளும்.

இதற்கு ஓராண்டு முன், 2015இல், ஜோஷுவா ப்ளூமென்ஸ்டாக், கேப்ரியல் கடமூரோ, ராபர்ட் ஆன் மூவரும் ருவாண்டாவில் கைப்பேசி அழைப்புப் பதிவுகளை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். பதிவுகள் 15 லட்சம் பேருடையவை. நிரலைப் பழக்க எடுத்துக்கொண்டது 856 பேரிடம் தொலைபேசியில் கேட்ட கேள்விகளை. அங்கும் 15 லட்சத்தைத் தாங்கி நின்றது அந்த 856தான்.

பழைய கதையும் இப்படியே. லண்டனில் சார்லஸ் பூத் 1880களின் பிற்பாதியில் தொடங்கி, கறுப்பில் ஆரம்பித்து மஞ்சளில் முடியும் ஏழு நிறங்களில் தெருத் தெருவாக வறுமை வரைபடம் போட்டார். நிறம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பள்ளி வாரியப் பணியாளர்களை உட்காரவைத்துக் கேட்டதிலிருந்து. நம் பக்கம், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அப்படிப் பதிவான ஊர்களில் ஒன்று சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள வடமலாபுரம். 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார்கள். மதுரையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஊருக்கு நூறாண்டுக்கு முந்தைய தரவு இருக்கிறது. உங்கள் துறை நூலகத்தில் அந்த இரண்டு தொகுப்பும் இல்லையென்றால் முதலில் அதை வரவழையுங்கள். கேள்வி எப்படிக் கேட்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

இப்போது மதுரை. எல்லோரும் முதலில் கை வைப்பது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில். மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைப்பது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகள். சராசரி பார்த்தால் மாவட்டத்துக்கு 900 வீடு. ஒரு கிளஸ்டருக்கு, அதாவது மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த ஒரு ஊர் அல்லது நகரப் பகுதிக்கு, 22 வீடு என்பதால் மாவட்டத்துக்கு 40 சொச்சம் புள்ளிகள். அந்தப் புள்ளிகளும் இருந்த இடத்தில் இருக்காது. பதில் சொன்னவர்களை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக நகரப் புள்ளியை 2 கிலோமீட்டர் வரையும், கிராமப் புள்ளியை 5 கிலோமீட்டர் வரையும் நகர்த்தித்தான் தருவார்கள். நூற்றில் ஒரு கிராமப் புள்ளி 10 கிலோமீட்டர் வரைகூட நகர்ந்திருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் 5 கிலோமீட்டர் தள்ளினால் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் மானாவாரி ஊராகிவிடும். ஆகவே இந்தத் தரவை வைத்து மதுரைக்கு மட்டும் நிரலைப் பழக்காதீர்கள். தமிழ்நாடு முழுதுக்கும் பழக்கி, கிராமப் புள்ளியைச் சுற்றி 10 கிலோமீட்டர் சதுரத்தின் சராசரியைப் பயன்படுத்துங்கள். ஸ்டான்ஃபோர்டுக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். மதுரையைச் சோதித்துப் பார்க்க உங்கள் சொந்தக் கணக்கெடுப்பு வேண்டும்.

தயார் வரைபடம் ஒன்றும் உண்டு. ப்ளூமென்ஸ்டாக் குழு 2022இல் வெளியிட்டது, 135 நாடுகளுக்கு 2.4 கிலோமீட்டர் கட்டங்களில். இறக்கிப் பாருங்கள், ஒப்பிட உதவும். ஆனால் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 5.8 சதுர கிலோமீட்டர். மதுரை மாநகராட்சியின் நூறு வார்டுகளில் நாலைந்தை ஒரே நிறமாக்கிவிடும்.

அடுத்தது, ஆப்பிரிக்கப் பாடத்தை இங்கே அப்படியே ஒட்டினால் எங்கே இடறும் என்பது. இதில்தான் பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் கவிழ்கின்றன.

கூரை. கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமத்தில் புல் கூரை போய்த் தகரக் கூரை வந்தால் குடும்பம் ஒரு படி ஏறியிருக்கிறது என்று பொருள். மதுரையில் மேலிருந்து தெரியும் தகரம் இரண்டு விதம். வைகைக் கரை ஓரத்துக் கொட்டகையும் தகரம். வசதியான மாடி வீட்டில் வெயிலுக்கு மறைப்பாகப் போட்ட ஷெட்டும் தகரம். கான்கிரீட் கூரையும் நம்பத்தக்கதல்ல. தொகுப்பு வீடு, சமத்துவபுர வீடு, கலைஞர் வீட்டு வசதித் திட்ட வீடு எல்லாமே கான்கிரீட். உள்ளே இருப்பவர் நூறு நாள் வேலையை நம்பியிருக்கலாம். ஓட்டு வீட்டில் இருப்பவருக்கோ அலங்காநல்லூர்ப் பக்கம் நாலு ஏக்கர் நஞ்சை இருக்கலாம்.

பச்சை. மேற்கிலும் தெற்கிலும் சேடபட்டி, கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டி ஒன்றியங்களில் கோடையிலும் பச்சையாகத் தெரிவதில் நிறைய சீமைக் கருவேலம். பயிர்ச் செழிப்பை அளக்கும் குறியீடு அதையும் விளைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். நிலம் தரிசாகிக் கருவேலம் ஏறிய ஊர் வளமான ஊராகிவிடும். இதைப் பிரிக்க எளிய வழி, ஒரே இடத்தை பிப்ரவரியிலும் மே மாதத்திலும் பார்ப்பது. நெல் வயலின் பச்சை மே மாதத்துக்குள் விழுந்துவிடும், கருவேலத்தின் பச்சை அவ்வளவு விழாது. தென்னந்தோப்பும் விழாது, அதைத் தோப்பின் வரிசை அமைப்பை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம். அந்தப் படங்களை எடுக்க வேண்டாம்.

வெளிச்சம். மேலூர்ப் பக்கக் கல் குவாரிகள் பகல் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிட்டுக் கட்டடக் கூட்டம்போல இருக்கும். இரவில் நான்குவழிச் சாலையும் சுங்கச்சாவடியும் தொழிற்பேட்டையும் பக்கத்து ஊர்மேல் வெளிச்சத்தைக் கொட்டும். சித்திரைத் திருவிழா மாதத்தை மட்டும் எடுத்தால் நகரம் தன் இயல்பைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஒரு மாதத்தை எடுக்காமல் ஆண்டுச் சராசரியை எடுங்கள்.

பொருள்கள். இது படத்தில் இல்லை, கேள்வித்தாளில் உள்ள பிரச்சினை. சொத்துக் குறியீடு போட எல்லோரும் டிவி, மின்விசிறி, மிக்சி என்று பட்டியல் போடுவார்கள். 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி அரசே கொடுத்தது. எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள் யாரையும் பிரித்துக் காட்டாது. பல பொருள்களை ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வில் (பிசிஏ) அதற்கு எடையே விழாது. ரேஷன் அட்டையும் அப்படித்தான், இங்கே அனைவருக்குமான ரேஷன். அந்தியோதயா அட்டையை மட்டும் தனியாகக் குறியுங்கள். அவற்றுக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: சொந்த போர்வெல்லும் மோட்டாரும், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இருசக்கர வண்டி வாங்கிய ஆண்டு, விலைக்கு வாங்கும் கடை அரிசி மாதத்தில் எத்தனை நாள், நகை அடகில் இருக்கிறதா, கடைசி மின் அளவீட்டில் எத்தனை யூனிட். யூனிட்டைக் கேட்டு எழுத வேண்டாம், மின் அட்டையையோ கைப்பேசிக் குறுஞ்செய்தியையோ பார்த்து எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் "கரண்ட் பில் எவ்வளவு" என்று கேட்டால் பல வீட்டில் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும்.

இரண்டு கேள்விகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். "வீடு சொந்தமா, வாடகையா?" மதுரையில் மூன்றாவது ஒன்று உண்டு, ஒத்தி. லட்சக் கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் மூன்று ஆண்டு இருப்பார்கள். படிவத்தில் அந்தக் கட்டம் இல்லையென்றால், "வாடகை இல்லீங்க" என்ற பதிலைக் கேட்டுக் கணக்கெடுப்பவர் 'சொந்தம்' என்று தட்டிவிடுவார். கைப்பணம் வைத்திருக்கும் குடும்பமும், புறம்போக்கில் வாடகையின்றி இருக்கும் குடும்பமும் ஒரே கட்டத்தில் விழும். அடுத்தது, "கழிப்பறை இருக்கிறதா?" இருக்கிறது என்பார்கள், மானியத்தில் கட்டியது. உள்ளே விறகும் பழைய சைக்கிளும் கிடக்கும். "தண்ணீர் எங்கிருந்து கொண்டுபோவீங்க?" என்று சேர்த்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

வருமானத்தை நேராகக் கேட்டுப் பயனில்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட், நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கர் என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். கையில் கைப்பேசியோடு யார் வந்தாலும் அது திட்டத்துக்கான கணக்கு என்றே நினைப்பார்கள். பதில்கள் அந்த வரம்புக்குக் கீழே வந்து குவியும். செலவைக் கேளுங்கள், ஏழு நாள் உணவு, முப்பது நாள் மற்றவை. அந்த ஏழு நாளில் ஊரில் கிடா வெட்டோ கொடையோ இருந்ததா என்று ஒரு கேள்வி கட்டாயம். இல்லாவிட்டால் சாமி கும்பிட்ட ஊரெல்லாம் பணக்கார ஊராகிவிடும்.

ஆள் கணக்குக்கு வருகிறேன். மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள், மாநகராட்சி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகள், பேரூராட்சிகள். 60 கிளஸ்டர், ஒவ்வொன்றிலும் 20 வீடு, ஆக 1,200 வீடு. இதற்குக் குறைந்தால் ஒன்றியங்களை ஒப்பிடவே முடியாது. 2011 கணக்குப்படி மாவட்ட மக்களில் பத்துக்கு ஆறு பேர் நகர்ப்புறம். கிராமத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று 40 கிளஸ்டர் கிராமத்தில் எடுத்தால், மாவட்டச் சராசரி போடும்போது நகரத்துக்கும் கிராமத்துக்கும் மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ற எடை கொடுக்க மறக்காதீர்கள். கணக்கெடுப்பவர்கள் எட்டுப் பேர், இரண்டிரண்டு பேராக. ஒருவர் நாளைக்கு ஐந்து வீடு, அதற்குமேல் போனால் பதில்கள் ஒன்றுபோல இருக்க ஆரம்பிக்கும். எட்டுப் பேருக்கு நாளைக்கு 40 வீடு, 30 களநாள். முன்கூட்டியே போய் வீட்டுப் பட்டியல் எடுக்க இரண்டு பேர், மேற்பார்வைக்கு இரண்டு பேர், தினமும் இரவு தரவைச் சரிபார்க்க ஒருவர். உங்களில் ஒருவர் மாதிரி எடுப்பதற்கும் எடைகளுக்கும் பொறுப்பு. படமும் நிரலும் ஒருவருக்குப் போதும். மாவட்டமே சுமார் 3,700 சதுர கிலோமீட்டர்தான். 1 கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டினால் அவ்வளவு துண்டுதான். சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், ஆக ஒரு துண்டு நூற்றுக்கு நூறு. சாதாரண மடிக்கணினி தாங்கும்.

கணக்கெடுப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும், பகலில் வீட்டில் பேசுபவர்கள் பெண்கள்தான். அதே ஊர்க்காரர் வேண்டாம், கடன் கணக்கை அவரிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தப் பேச்சு தெரிந்தவராக இருக்க வேண்டும். நில அளவு "குழி", தானிய அளவு "மரக்கால்", விளைச்சலில் பங்கு "வாரம்" என்று பதில் வந்தால் விழிக்கக் கூடாது. பயிற்சி ஐந்து நாள், அதில் ஒரு முழு நாள் மாதிரியில் இல்லாத ஓர் ஊரில் ஒத்திகை.

ஊருக்குள் போகும் வழி ஊராட்சிச் செயலர், மகளிர் குழுவினர், அங்கன்வாடிப் பணியாளர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், எந்த வீடு திருப்பூருக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்களுக்கு விரல்நுனியில். அவர்களிடம் வழி கேளுங்கள், வீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். தேர்வு உங்கள் பட்டியலிலிருந்து மட்டும்.

பட்டியல் எடுக்கும்போது அதிகம் நடக்கும் தவறு: மந்தையில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி வருவார்கள். ஊர் முடிந்ததும் முடித்துவிடுவார்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டியல் சமூகக் காலனி பட்டியலிலேயே வராது. யாரும் வேண்டுமென்று விடுவதில்லை, ஊர் என்று கேட்டால் ஊரை மட்டும் காட்டுவார்கள். அதனால் முன்னாளே செயற்கைக்கோள் படத்தில் எல்லாக் குடியிருப்புகளையும் வட்டமிட்டு அச்செடுத்துக் கொடுங்கள். படம் உங்களுக்கு உண்மையிலேயே கை கொடுக்கும் இடம் இது. ஒரு ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கும், வருவாய்க் கிராம எல்லை வேறாக இருக்கும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறியீட்டு எண் வருவாய்க் கிராமத்துக்குக் கொடுத்தது. மூன்றையும் இணைக்கும் அட்டவணையைக் களத்துக்குப் போகுமுன் தயார் செய்யாவிட்டால் பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

நேரம்: மல்லிகைப் பூ எடுக்கும் ஊர்களில் காலையில் யாரும் கிடைக்க மாட்டார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் பிற்பகல் மூன்றுக்குப் பிறகு. பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும், ஒருமுறையாவது ஞாயிறு. அப்படியும் கிடைக்காவிட்டால் 'பூட்டியது' என்று எழுதுங்கள், பக்கத்து வீட்டை எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஆள் இருப்பதே வேறொரு நிலைமையின் அடையாளம்.

படிவத்துக்குக் கோபோ அல்லது ஓடிகே என்ற கைப்பேசிக் கணக்கெடுப்புச் செயலி போதும். தமிழில் போடலாம், சிக்னல் இல்லாமலும் ஓடும். ஜிபிஎஸ் தானாகப் பதியட்டும், கையால் எழுத விடாதீர்கள். மதுரை சுமார் 9.9 வடக்கு, 78.1 கிழக்கு. இரண்டையும் மாற்றி எழுதினால் வீடு வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் போய் விழும். அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது, டீக்கடையில் உட்கார்ந்து ஐந்து படிவத்தையும் நிரப்புவது. ஒரே புள்ளியில் ஐந்து வீடு, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் என்று தரவில் தெரியும். அதற்காகத்தான் இரவுச் சரிபார்ப்பு. பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய் மாறாத நாலு கேள்விகளை, அதாவது குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை, கூரை, வண்டி, போர்வெல் ஆகியவற்றை, மட்டும் கேட்கட்டும்.

கடைசியில் நிரல். இரண்டே எச்சரிக்கை. புள்ளிகளைக் குலுக்கிப் பாதியில் பழக்கிப் பாதியில் சோதித்தால் எண் பிரமாதமாக வரும், ஏனென்றால் பக்கத்து ஊர் பக்கத்து ஊரைப் போலத்தான் இருக்கும். ஒரு ஒன்றியம் முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு அதில் சோதியுங்கள். நகரத்தையும் கிராமத்தையும் சேர்த்துப் பார்த்த மதிப்பெண்ணை மட்டும் காட்டவும் வேண்டாம். மாட்டுத்தாவணியையும் சேடபட்டியையும் பிரித்துச் சொல்லக் கணினி தேவையில்லை. கிராமத்துக்குள் மட்டும் எவ்வளவு பிரிக்கிறது என்பதைத் தனியாக எழுதுங்கள், அது நிச்சயம் குறைவாக இருக்கும். இரண்டாவது, இந்த நிரல்கள் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும். மிக ஏழை ஊர் கொஞ்சம் ஏறியும், பணக்கார ஊர் கொஞ்சம் இறங்கியும் தெரியும். உதவி யாருக்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் வரைபடத்தைக் கொடுப்பது தப்பு.

வெளியிடும்போது ஊராட்சி அளவோடு நிறுத்துங்கள். வீட்டுப் புள்ளிகள் பூட்டிய கணினியில் இருக்கட்டும், பெயரும் எண்ணும் வேறு கோப்பில். எட்டுக் கணக்கெடுப்பவர்களின் பெயரும், அவர்கள் சம்மதித்தால், அறிக்கையின் முதல் பக்கத்தில் வரட்டும். எந்தக் கிளஸ்டரை யார் எடுத்தார் என்ற குறியீட்டைத் தரவிலேயே வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு ஊர் மட்டும் வரைபடத்தில் விநோதமாகத் தெரிந்தால், முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான்.